வருஷச் சந்தா

கையில் காசில்லாதவனுக்குக் கடன் கொடுப்பது பழைய உலகத்து வழக்கம். கடனே வேண்டாம் என்று சிவனே என்றிருக்கும் மனிதனைத் தேடிப் பிடித்து, கடன் வாங்கும் உரிமைக்காக அவனிடமே வருஷா வருஷம் சந்தா வசூலிப்பது புதிய உலகத்து வழக்கம். இந்தப் புதிய வழக்கத்துக்குப் பிரீமியம் கிரெடிட் கார்டு என்று பெயர்.

சந்தா என்ற சொல் எழுத்தாளர்களுக்கு மிகவும் பிரியமானது. பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் பத்திரிகை அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கார்டுச் சந்தா அப்படிப்பட்டதல்ல. பணம் முன்னால் போய்விடும். பலனை நாம்தான் ஊர் ஊராகப் போய்த் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். தேடாதவருக்கு ஒன்றுமில்லை. வியாபாரத்தின் சூட்சுமத்தில் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஒரு சின்னச் சரித்திரம் உண்டு. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற கம்பெனி, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகவும், மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கட்டவும் ஓர் அட்டை கொடுத்தது. அன்று அது உண்மையிலேயே காகித அட்டைதான். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, தன் விமானத்தில் பறந்தவர்களுக்கு மைல் கணக்கில் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்ந்தவர்களுக்கு இலவசச் சீட்டும் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு இந்த இரண்டுக்கும் கல்யாணம் நடந்தது. பறக்காமலே, அரிசி பருப்பு வாங்கியே, பறக்கும் உரிமை சேர்க்கலாம் என்றாயிற்று. மனிதனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அந்த இனிப்பு திருச்சியில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. கொண்டு வந்தவள் ஒரு வங்கியைச் சேர்ந்த பெண். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகளையும் பேத்தியையும் பார்க்க நானும் மனைவியும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்வருகிறோம் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருந்தாள். "உங்களை மாதிரி வெளிநாடு போகிறவர்களுக்கென்றே ஏற்பட்ட கார்டு, சார்" என்றாள். சந்தா 12,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,250 ரூபாய். ஆக 14,750. சேர்ந்தவுடன் 10,000 புள்ளி அன்பளிப்பு. அப்புறம் செலவழிக்கும் ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 5 புள்ளி. வருஷத்தில் 10 லட்சம் செலவழித்தால் அடுத்த வருஷச் சந்தா தள்ளுபடி.

எங்கள் செலவையும் கேட்டுக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டாள். கார்டு வாங்கிக்கொள்ளும் இடங்களில் எங்கள் செலவு மாதம் 20,000 ரூபாய்தான் தேறியது. கீரைக்காரி, பால்காரர், வீட்டு வேலை செய்யும் அம்மாள், கோயில் உண்டியல் ஆகியோர் கார்டு வாங்குவதில்லை. வருஷம் 2,40,000 ரூபாய்க்கு 8,000 புள்ளி. ஒரு புள்ளி ஒரு ரூபாய் என்று 8,000 ரூபாய். விமான நிலைய லவுஞ்சில் இரண்டு பேர், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. தலைக்கு 2,000 வீதம் 8,000. ஒரு பெரிய ஓட்டலில் அங்கத்தினர் பதவி, 10,000. கோல்ஃப் மைதானத்தில் நான்கு தடவை இலவச ஆட்டம், 12,000. மொத்தம் 38,000 ரூபாய். "14,750 கொடுத்து 38,000 வாங்குகிறீர்கள், சார்!" என்றாள்.

என் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். "இதிலே நாம் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடியது எது எதுங்க?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிட்டது. அரிச்சந்திரன் வீட்டுத் தராசில்கூட இதைவிட நேர்மையான முள் இருந்திருக்காது. ஒரு பொருளின் விலை கடைக்காரன் சீட்டில் எழுதியிருப்பது அல்ல. அது இலவசமாக வராவிட்டால் நாம் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கும் தொகை எதுவோ, அதுவே நமக்கு அதன் விலை.

இந்தத் தராசில் முதலில் கோல்ஃப் ஏறியது. நான் கையில் பிடித்த ஒரே கோல் வாக்கிங் ஸ்டிக்தான். ஆகவே பூஜ்யம். ஓட்டல் பதவியும் பூஜ்யம். மகள் வீடு இருக்கும்போது ஓட்டலில் தங்கினால் குடும்பத்தில் பெரிய யுத்தமே மூண்டுவிடும். லவுஞ்சுக்கு நாங்கள் கொடுத்திருக்கக்கூடிய தொகை, கட்டிக் கொண்டு போகும் எலுமிச்சஞ்சாதம் போக, காப்பிக்கும் தண்ணீருக்குமாக நான்கு பேர் கணக்கில் 600 ரூபாய். விமான விபத்தில் இறந்தால் ஒரு கோடி என்று அடியில் ஒரு வரி இருந்தது. அந்த லாபத்தை அனுபவிக்க ஆள் இருக்கமாட்டான் என்பதால் மனைவி அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

புள்ளிகளுக்கு வந்தோம். 8,000 புள்ளி 8,000 ரூபாய் ஆவது, வங்கியின் சொந்த ஜன்னலில் சீட்டு வாங்கினால் மட்டுமே. ரொக்கமாகக் கழித்துக்கொள்ளச் சொன்னால் புள்ளிக்கு 30 காசு. அதாவது 2,400 ரூபாய். சரி, சீட்டே வாங்குவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 8,000 முழுவதும் லாபமல்ல. சந்தாவே இல்லாத சாதாரணக் கார்டு ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது நூற்றுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தருகிறது, வருஷம் 2,400. புதுக் கார்டினால் அதிகப்படியாக வருவது 5,600 மட்டுமே.

அந்நியச் செலாவணியில் ஒரு நிஜமான நன்மை இருந்தது. சாதாரணக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். இந்தக் கார்டில் 2 சதவீதம். லட்ச ரூபாய்க்கு 1,770 ரூபாய் மிச்சம். நாங்கள் சிங்கப்பூரில் 50,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க மகள் விடுவதில்லை. ஆகையால் 885.

ஆக 5,600-ம் 600-ம் 885-ம் சேர்ந்து 7,085 ரூபாய். கொடுப்பது 14,750. முதல் வருஷம் 10,000 புள்ளி அன்பளிப்பு வந்து கணக்கை நேராக்கிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் அது மாமியார் வீட்டு முதல் தீபாவளி. குடித்தனத்தின் லட்சணம் இரண்டாம் வருஷத்தில்தான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, இந்தக் கார்டுகளே மோசடி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கோயம்புத்தூரில் என் தம்பி மகன் பம்பு செட் செய்து ஏற்றுமதி செய்கிறான். துபாய், நைரோபி என்று வருஷத்தில் எட்டுத் தடவை போகிறான். நடுராத்திரியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்துக் கிடப்பவனுக்கு ஒரு நாற்காலியும் சூடான சாப்பாடும் குளிக்க வெந்நீரும் ஆடம்பரமல்ல. மறுநாள் வேலைக்கு வேண்டிய முதலீடு. அவன் கார்டில் வருஷம் 12 லட்சம் செலவாகிறது. சந்தா தள்ளுபடி, 40,000 புள்ளி வரவு, வெளிநாட்டில் செய்யும் 4 லட்சம் செலவில் 7,080 ரூபாய் மிச்சம். "பெரியப்பா, எனக்கு இது வாகனம், உங்களுக்கு அலங்காரம்" என்றான். சரியாகச் சொன்னான்.

அவனே எனக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னான். அவனுடைய சிநேகிதர் ஒருவருக்கு ஏழு லட்சம்தான் செலவு. 10 லட்சத்தை எட்டினால் சந்தா மிச்சமாகுமே என்று மார்ச் மாதத்தில் மூன்று லட்சத்துக்கு டெலிவிஷனும் சோபாவும் வாங்கினாராம். 14,750 ரூபாயை மிச்சம் பிடிக்க மூன்று லட்சம்! அதோடு, அந்தக் கடனை ஒரே தவணையில் கட்ட முடியாதவர்களின் கதி இன்னும் பரிதாபம். மாதத்துக்கு 3.5 சதவீதம் வட்டி என்பது பல கார்டுகளில் சகஜம். 50,000 ரூபாயை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் வட்டி 1,750, அதற்கு ஜி.எஸ்.டி. 315, ஆக 2,065 ரூபாய். நாங்கள் வருஷம் முழுவதும் அரிசி பருப்பு வாங்கிச் சேர்க்கும் புள்ளியில் கால் பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் போய்விடும். கடனை முழுதாகக் கட்டாத பழக்கமுள்ளவர்கள் புள்ளியைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அப்படியானால் புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் சொன்னார்: "கார்டு தேய்த்தால் எனக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் போய்விடுகிறது, சார்." அதில் ஒரு பங்கு என் புள்ளியாகிறது. அந்த இரண்டு ரூபாயை அவர் கடைச்சரக்கின் மேல்தான் வைத்தாக வேண்டும். ரொக்கம் கொடுத்து மாத்திரை வாங்கும் கிழவியும் அதைக் கொடுக்கிறாள். வட்டி கட்டுகிறவர்களும் கொடுக்கிறார்கள். சந்தா கட்டிவிட்டுக் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களும் கொடுக்கிறார்கள். இலவசம் என்று நாம் சாப்பிடும் லவுஞ்சு இட்லிக்கு மாவரைத்தவர்கள் எத்தனையோ பேர்.

புள்ளி என்பது பணமுமல்ல, வாக்குறுதி. கொடுத்தவர் மாற்றலாம், கொடுத்தவரே மறையலாம். கிங்ஃபிஷர் விமானங்கள் 2012-ல் தரை இறங்கியவை பிறகு எழும்பவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திற்று. கிங்ஃபிஷரில் மைல் சேர்த்து வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2024 முதல் நம் நாட்டு வங்கிகள் பலவும், முந்தைய மூன்று மாதங்களில் இவ்வளவு செலவழித்தால்தான் லவுஞ்சு என்று நிபந்தனை போட்டிருக்கின்றன. அமெரிக்காவிலும் இதே கதைதான். சேஸ் வங்கி 2016-ல் சஃபையர் ரிசர்வ் என்ற கார்டை 450 டாலர் சந்தாவில் வெளியிட்டு, லட்சம் புள்ளி அன்பளிப்பாகக் கொடுத்தது. ஜனங்கள் முண்டியடித்ததில் கார்டு செய்யும் உலோகமே தட்டுப்பாடாயிற்று. 2020-ல் சந்தா 550 ஆயிற்று, 2025-ல் 795. பதிலுக்குச் சலுகைகளின் பட்டியலும் நீண்டுகொண்டே போயிற்று. ஆனால் நீண்ட பட்டியலில் நமக்கு வேண்டியது எத்தனை என்பதுதான் என் மனைவியின் கேள்வி. ஆகையால் புள்ளியைச் சேர்த்து வைப்பது கெட்டிக்காரத்தனமல்ல. வந்த வருஷமே செலவழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் ரூபாய்க் கணக்கு. எங்கள் வீட்டில் விஷயத்தை முடித்து வைத்ததோ வேறொரு கணக்கு.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தை ஒட்டி 2019-ல் ஜுவல் என்ற கண்ணாடி மாளிகையைத் திறந்தார்கள். அதன் நடுவே கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு நீர்வீழ்ச்சி ஒன்று கொட்டுகிறது. அங்கே யாரும் போகலாம். டிக்கெட்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம். நாங்கள் ஊர் திரும்பும் நாளில் மகளும் மருமகனும் பேத்தியும் அங்கே எங்களோடு வந்து உட்காருவார்கள். பேத்தி நீர்வீழ்ச்சியைக் காட்டிக் காட்டி, போன வருஷம் சொன்ன கதையையே மறுபடி சொல்லச் சொல்வாள். குடியேற்றச் சோதனையைத் தாண்டினால் அவள் வரமுடியாது. லவுஞ்சு இருப்பது அந்தச் சோதனைக்கு அப்பால்.

"லவுஞ்சிலே உட்காரணும்னா ஒரு மணி நேரம் முன்னாடியே குழந்தைகிட்டே போயிட்டு வரேன்னு சொல்லிட்டு உள்ளே போகணும், இல்லையாங்க?" என்றாள் என் மனைவி.

"ஆமாம்."

"அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பொண்ணு தாளிலே என்ன விலை போட்டிருக்கா?"

தாளில் அதற்கு இடமில்லை. அடுத்த நாள் வங்கிப் பெண் டெலிபோன் செய்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கோயம்புத்தூரில் ஏற்றுமதி செய்யும் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். தம்பி மகனிடம் ஏற்கெனவே இரண்டு கார்டு இருப்பதைச் சொன்னேன்.

மிஞ்சிய 14,750 ரூபாய்க்கு, மலிவான நாள் பார்த்து வாங்கினால், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒருவர் போகும் சீட்டுக் கிடைக்கிறது. அந்தத் தொகையை என் மனைவி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை ஒன்றரைத் தடவை ஆக்க முடியுமா என்று இப்போது வேறொரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறாள்.