இரண்டு மைனர் பையன்களும் ஒரு பாட்டும்

பதிப்புரிமை வழக்குகளை எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு வழக்கு என்னோடு கூடவே வருகிறது. நான் ஆஜரான வழக்கு இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் முடிந்துபோனது. வால்ஜோ மியூசிக் பப்ளிஷிங் எதிர் எல்விஸ் பிரெஸ்லி மியூசிக், 1957. பாட்டு எழுதுகிறவர், மெட்டுப் போடுகிறவர், பாடுகிறவர் என்று யார் வந்து தன் குறையைச் சொன்னாலும், அந்த வழக்கின் ஆட்களில் யாராவது ஒருவர் எனக்கு நினைவுக்கு வந்துவிடுவார்.

பாட்டின் பெயர் ‘ஹவுண்ட் டாக்’. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்றுதான் உலகம் அதை அறியும். எழுதியவர்கள் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். இருவரும் யூதக் குடும்பத்துப் பையன்கள், இருவரும் 1933இல் பிறந்தவர்கள், எழுதியபோது இருவருக்கும் வயது 19. அந்த வயது வழக்கில் பெரிய விஷயமாகப் போகிறது என்று அப்போது அவர்களுக்கே தெரியாது.

ராக் இசையில் யூதர்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் பாப் டிலன், லூ ரீட், பில்லி ஜோயல் என்று மேடை ஏறியவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். வக்கீலாக எனக்கு அந்த வரிசையைவிட ஒப்பந்தங்களின் அடியில் இருக்கிற பெயர்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பாட்டெழுதினவர், பதிப்பித்தவர், இசைத்தட்டுக் கம்பெனி நடத்தினவர். சிகாகோவில் மடி வாட்டர்ஸையும் சக் பெர்ரியையும் பதிவுசெய்த செஸ் ரெக்கார்ட்ஸை நடத்தியவர்கள் போலந்திலிருந்து பிள்ளைப் பருவத்தில் வந்த லெனார்ட், ஃபில் செஸ் சகோதரர்கள். ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரை பில்போர்ட் பத்திரிகையில் நிலைநிறுத்திய ஜெர்ரி வெக்ஸ்லரும் யூதர்தான். நியூயார்க் பிராட்வேயில் பிரில் பில்டிங்கிலும் அதன் அண்டைக் கட்டடத்திலும் சின்னச் சின்ன அறைகளில் பியானோ போட்டு உட்கார்ந்து எழுதிய கேரோல் கிங், ஜெர்ரி கோஃபின், பேரி மான், சிந்தியா வைல், நீல் சடாகா என்று அந்தத் தலைமுறையே அப்படித்தான் இருந்தது. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் கதவுகள் பாதி மூடியே இருந்த காலம் அது. பாட்டுத் தொழிலில் அந்தத் தடை குறைவு. இர்விங் பெர்லின் காலத்திலிருந்தே அந்த வாசல் அவர்களுக்குப் பழக்கமானது.

ஆனால் லீபர், ஸ்டோலர் கதைக்கு அந்தப் பொதுக் காரணம் போதாது. லீபர் பால்டிமோரில் பிறந்தவர். வீட்டில் இட்டிஷ் பேச்சு. தந்தை சீக்கிரமே இறந்துவிட, தாய் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி ஒரு மளிகைக் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கறுப்பர் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்த கடை அது. நிலக்கரியும் மண்ணெண்ணெயும் சுமந்துகொண்டு அந்த வீடுகளுக்குப் போனது சிறுவன் ஜெர்ரி. அங்கே வானொலியில் ஓடிய இசையும், அந்த வீடுகளில் பேசிய பேச்சும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஸ்டோலர் நியூயார்க்கில் வளர்ந்தவர். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து போகும் கோடை முகாம் ஒன்றில் ஒரு கறுப்புப் பையன் பியானோவில் பூகி-வூகி வாசித்ததைக் கேட்டார். அன்று பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பெரும் பியானோ கலைஞரிடம் சில பாடங்களும் கிடைத்தன.

இரு குடும்பங்களும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தன. 1950இல் லீபர் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளி மாணவர், மீதி நேரத்தில் இசைத்தட்டுக் கடை வேலை. ஸ்டோலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சேர்ந்து பாட்டு எழுதலாமா என்று கேட்டார். ஸ்டோலருக்கு அப்போது ஜாஸ்தான் உயிர். ஜனரஞ்சகப் பாட்டில் நாட்டமில்லை என்று தட்டிக் கழித்தார். லீபர் நோட்டோடு நேரில் வந்துவிட்டார். வரிகள் பன்னிரண்டு பார் புளூஸ் அமைப்பில் இருப்பதைப் பார்த்ததும் ஸ்டோலரின் மனம் மாறிவிட்டது. வரி லீபருடையது, மெட்டு ஸ்டோலருடையது. அந்தக் கூட்டணி அறுபது வருடம் நீடித்தது.

இனி வழக்கின் சங்கதிகள்.

1952 ஆகஸ்ட். ஜானி ஓட்டிஸ் என்ற இசைக்குழுத் தலைவர் இந்த இருவரையும் தன் இடத்துக்கு வரச் சொல்கிறார். ஓட்டிஸ் கிரேக்கக் குடியேறிகளின் மகன். கறுப்பர் நடுவே வளர்ந்து, கறுப்பராகவே வாழ்வது என்று தானே தீர்மானித்துக்கொண்டவர். அவர் குழுவில் வில்லி மே தார்ன்டன் என்ற பாடகி இருந்தார். ‘பிக் மாமா’ என்பார்கள். அலபாமாக்காரர், வயது 25, ஆகிருதியும் குரலும் ஒன்றையொன்று மிஞ்சும். அவர் பாடுவதைப் பையன்கள் ஒரு தடவை கேட்டார்கள். உடனே ஸ்டோலரின் பழைய பிளிமத் காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே லீபர் காரின் கூரையில் கையால் தாளம் தட்டிக்கொண்டு வரிகளைப் பிடித்துவிட்டார். வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்று இருவருமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். தன்னை உறிஞ்சி வாழ்ந்த ஆணை ஒரு பெண் வாசலுக்கு வெளியே தள்ளுகிற பாட்டு. வயதில் மூத்த, வாழ்க்கையில் அடிபட்ட ஒரு கறுப்புப் பெண்ணின் வாயில் வைக்க 19 வயது யூதப் பையன்கள் எழுதியது. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பால்டிமோர் வீடுகளில் காது கொடுத்துக் கேட்காத ஒருவனால் அந்த வரிகளை எழுதியிருக்க முடியாது.

ஆகஸ்ட் 13 அன்று பதிவு. தார்ன்டன் முதலில் பாட்டை மென்மையாக இழுத்துப் பாடினார். அது அப்படியில்லை என்று லீபர் தானே பாடிக் காட்டினார். டிரம்ஸில் சரியான துள்ளல் வரவில்லை என்று ஓட்டிஸே டிரம்ஸுக்குப் போய் உட்கார, பையன்கள் ஒலிப்பதிவு அறையில் நின்று நடத்தினார்கள். அதற்குப் பிறகு தார்ன்டன் பாடியது எழுதிய தாளில் இல்லாத பாட்டு. உறுமல், நடுவில் கிதார்க்காரரை அதட்டி உற்சாகப்படுத்தும் பேச்சு, கடைசியில் குழுவினரின் ஊளை. 1953இல் ஹூஸ்டனின் பீகாக் ரெக்கார்ட்ஸ் வெளியிட, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம்.

பீகாக்கின் அதிபர் டான் ரோபி. முதலில் எழுதப்பட்ட காகிதங்களில் பாட்டுக்கு மூன்று ஆசிரியர்கள். மூன்றாவது பெயர் ஓட்டிஸ். பையன்கள் விழித்துக்கொண்டபோது அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் வயதுதான். அங்கே அப்போது 21 வயது நிரம்பினால்தான் மேஜர். இருவரின் தாய்மார்களும் நீதிமன்றம் மூலம் கார்டியன்களாக நியமிக்கப்பட்டார்கள். பழைய ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டு ரோபியோடு புது ஒப்பந்தம் போடப்பட்டது. முன்பணமாக ரோபி கொடுத்த 1,200 டாலர் செக் வங்கியில் திரும்பி வந்தது என்று இருவரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வேறொருவர் கையை நம்பினால் போதாது என்று அவர்கள் லெஸ்டர் சில்லோடு சேர்ந்து ஸ்பார்க் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பிறகு எல்விஸ். லாஸ் வேகஸில் ஃப்ரெடி பெல் குழு வேடிக்கையாக மாற்றிப் பாடிவந்த வடிவத்தைக் கேட்டு, 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்தார். பெண்ணின் கோபம் போய், வரிகள் நிஜமாகவே ஒரு நாயைப் பற்றியவை ஆகிவிட்டன. லீபருக்குக் கடைசிவரை அந்த வரிகள் பிடிக்கவில்லை. அதே மாதம் ஸ்டோலர் ஐரோப்பாவிலிருந்து ஆந்த்ரேயா டோரியா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். இன்னொரு கப்பல் மோதி அது மூழ்கியது. உயிர்தப்பி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம், மாற்றுத் துணியோடு காத்திருந்த லீபர் சொன்ன முதல் செய்தி, நம் பாட்டு எல்விஸ் பிரெஸ்லி குரலில் பெரும் வெற்றி என்பது.

பணம் பெரிதானதும் வழக்கு வந்தது. ஓட்டிஸ் தானும் ஒரு ஆசிரியர் என்றார். அவரோடு பாட்டெழுத ஒப்பந்தம் வைத்திருந்த வால்ஜோ நிறுவனம் வாதி. எல்விஸ் பிரெஸ்லி மியூசிக் பிரதிவாதி. அந்தப் பதிப்பகத்தை நடத்தியவர்கள் வியன்னாவைச் சேர்ந்த அபர்பாக் சகோதரர்கள், அவர்களும் யூதர்கள். நீதிபதி ஆர்ச்சி டாசன். பிரதிவாதியின் கையில் ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. 1956இலேயே 750 டாலர் வாங்கிக்கொண்டு ஓட்டிஸ் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கான கையெழுத்து. டாசன் அதோடு நிற்கவில்லை. ஓட்டிஸின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை, பாட்டை எழுதியவர்கள் லீபரும் ஸ்டோலரும் மட்டுமே என்றார். மைனர்களாக இருந்தபோது ஓட்டிஸோடு செய்துகொண்ட ஏற்பாடும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1957 டிசம்பரில் வால்ஜோ தோற்றது.

மைனர் ஒப்பந்தம் பற்றி நம் வக்கீல்களுக்கு ஒரு வார்த்தை. மோஹ்ரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் சொன்னதிலிருந்து நம் நாட்டில் மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. அமெரிக்காவில் அது மைனரின் விருப்பம்: வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் உதறலாம். அந்த விருப்பம்தான் இந்தப் பையன்களைக் காப்பாற்றியது. அவர்கள் சென்னையில் பிறந்திருந்தால் 18 வயதிலேயே மேஜர் ஆகியிருப்பார்கள், 19இல் போட்ட கையெழுத்து அவர்களை விடாமல் பிடித்திருக்கும். இளம் கலைஞர்களின் முதல் ஒப்பந்தத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடைவெளி உறுத்தும்.

தீர்ப்பு சரி என்பது என் உறுதியான கருத்து. அறிமுகம் செய்துவைத்ததும், இசைக்குழு கொடுத்ததும், டிரம்ஸ் வாசித்ததும் பெரிய உபகாரம்தான். அவற்றுக்குக் கூலி உண்டு, பங்குகூட இருக்கலாம், ஆனால் அவை ஒருவரைப் பாட்டின் ஆசிரியர் ஆக்குவதில்லை. ஓட்டிஸ் 2012இல் இறக்கும்வரை பாட்டில் தன் கையும் உண்டு என்பதை விடவில்லை. பெரிய கலைஞர், எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. இருந்தும் இந்த விஷயத்தில் டாசன் பக்கம்தான் நிற்பேன். 19 வயதுப் பையன்கள் எழுதியதை மூத்தவர்கள் பங்குபோட்டுக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கமாகவே இருந்தது. யூதப் பாட்டெழுத்தாளர்களும் கறுப்புப் பாட்டெழுத்தாளர்களும் அதில் ஒரேமாதிரி இழந்தார்கள். தங்கள் பெயர் பாட்டில் நிலைத்தது என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்கிய அந்த இருவர்தான் ‘ஜெயில்ஹவுஸ் ராக்’கும் எழுதினார்கள், கோஸ்டர்ஸ் குழுவுக்குக் குட்டி நாடகங்கள்போல வரிசையாகப் பாட்டுகள் எழுதினார்கள், பென் ஈ. கிங்கோடு சேர்ந்து ‘ஸ்டாண்ட் பை மீ’ செய்தார்கள். தாங்கள் எழுதியது பாட்டை மட்டுமல்ல, முழு இசைத்தட்டையே என்று அவர்கள் சொல்வதுண்டு. பதிவறையில் நின்று ஒலியை வடிவமைக்கும் தயாரிப்பாளர் என்று இன்று நாம் அறியும் வேலைக்குத் தொழிலில் தனி இடம் பெற்றுத் தந்தவர்களில் அவர்கள் முன்னோடிகள்.

என்னைச் சும்மா விடாதது தார்ன்டனின் நிலைமை. அந்தப் பாட்டுக்காகத் தனக்குக் கிடைத்தது ஏறக்குறைய 500 டாலர்தான் என்று அவர் சொல்லிவந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வால்ஜோ வழக்கில் அவர் குரல் தீர்மானிக்க வேண்டிய ஒரு கேள்வியாகக்கூட எழ முடியாது, ஏனென்றால் அன்றைய அமெரிக்கச் சட்டம் பாதுகாத்தது எழுதப்பட்ட வரியையும் மெட்டையும் மட்டும். ஒலிப்பதிவுக்கு ஃபெடரல் பதிப்புரிமை 1972 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் அன்றுமுதல் பதிவானவற்றுக்கு. 1953இல் மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸ், ‘ஹவுண்ட் டாக்’கிற்குப் பதில்பாட்டாக ரூஃபஸ் தாமஸை வைத்து ‘பேர் கேட்’ வெளியிட்டபோது ரோபி வழக்குப் போட்டு ஜெயித்தார். அதுவும் மெட்டுக்காகத்தான். அந்த உறுமலுக்கும் அதட்டலுக்கும் சொந்தக்காரர் என்று எந்தக் காகிதமும் தார்ன்டனைச் சொல்லவில்லை.

லீபரையும் ஸ்டோலரையும் இதற்குக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. கறுப்பர் இசையை யூதர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற பேச்சின் ஒரு பகுதி அது. அதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் தார்ன்டனுக்காகவே எழுதினார்கள், அவர் பாடியதே மேலானது என்று சொல்லியிருக்கிறார்கள். அநியாயம் அவர்கள் பேனாவில் இல்லை. பாடுகிறவரை ஒருநாள் கூலியாளாகப் பார்த்த சட்டத்திலும் ஒப்பந்தங்களிலும் இருந்தது.

டாசன் தீர்ப்பெழுதிய அதே 1957இல்தான் நம் பதிப்புரிமைச் சட்டமும் பிறந்தது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் உரிமை என்பது அதில் 1994 திருத்தத்தில்தான் ஏறியது. வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்கு ராயல்டி என்பது 2012 திருத்தத்தில். அமெரிக்காவில் சாதாரண வானொலி ‘ஹவுண்ட் டாக்’கை ஒலிபரப்பினால் இன்றும் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. அது எல்விஸ் பதிவானாலும் சரி, தார்ன்டன் பதிவானாலும் சரி. பாடகர் யாராவது ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தால் நான் முதலில் தேடுவது 2012இல் கிடைத்த அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான். இருந்தால் அதை அடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புவேன்.