கல்லின் வயது தெரியும் பாதை

ஒரிகான் மாநிலத்தில் மெக்கன்சி ஆற்றை ஒட்டி இறங்கும் ஒற்றையடிப் பாதைக்கு மலைச் சைக்கிள்காரர்கள் மத்தியில் பெரிய பெயர். நீளம் 26 மைல், ஏறக்குறைய 42 கிலோமீட்டர். மேல் முனை கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கீழ் முனை அதில் பாதி உயரம்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால், பெடலை அதிகம் மிதிக்காமல் நாள் முழுக்க உருண்டே வந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி நினைத்து வந்தவர்களைக் கிளியர் ஏரியின் கிழக்குக் கரையில் பார்க்க வேண்டும். பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். சிலர் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

காரணம் கல். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கே சாண்ட் மவுன்டன் எரிமலை வாய்களிலிருந்து வழிந்த லாவா, பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றின் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் தேங்கிய நீர்தான் கிளியர் ஏரி. ஏரி நிறைந்தபோது அங்கிருந்த காடும் மூழ்கியது. அந்த மரங்கள் இன்னும் ஏரிக்குள் நின்றபடியே இருக்கின்றன. கோடையிலும் நீர் உறைநிலைக்குக் கொஞ்சம்தான் மேல் என்கிற அளவுக்குக் குளிர்வதால் மரம் மக்கவில்லை. மோட்டார் படகுக்கு அனுமதி கிடையாது. துடுப்புப் படகில் போய் எட்டிப் பார்த்தால் கிளையில்லாத தண்டுகள் கீழிருந்து மேல்நோக்கி வருவது துல்லியமாகத் தெரியும். சைக்கிளில் வந்த அவசரத்தில் இதைப் பார்க்காமல் போகிறவர்கள் அதிகம். அவர்கள் கண்ணெல்லாம் முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ஒரு மீட்டர் இடத்தில்தான்.

மூவாயிரம் ஆண்டு என்பது நமக்குப் பழசு, எரிமலைப் பாறைக்கு நேற்று. மழையும் பனியும் இன்னும் அதன் முனைகளை மழுக்கவில்லை; புதிதாகக் கொத்திய அம்மி போல மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பு. டயரின் அடிப்பகுதி இதைத் தாங்கிவிடும், பக்கச் சுவர்தான் கிழியும். அதனால் அனுபவசாலிகள் ட்யூப் இல்லாத, பக்கம் தடித்த டயரைப் போட்டுக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துவைக்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்து இங்கே ஓட்ட முடியாது. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்படி நின்றுகொண்டு, கைப்பிடியை இறுக்காமல், வண்டியைத் தனக்குக் கீழே ஆட விட வேண்டும். வேகத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு என்பது சாலையில் சரி. இங்கே ரொம்பக் குறைத்தால் முன்சக்கரம் ஏதாவது ஒரு குழியில் உட்கார்ந்துவிடும், ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். இந்தக் கரையில் கொஞ்ச தூரம் யாரோ ஒரு காலத்தில் தார் போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் தார்ச்சாலை எதற்கு என்று முகம் சுளித்தவர்கள்கூட அந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொண்டுதான் போவார்கள்.

ஏரியிலிருந்து வெளியே வந்ததும் ஆறு இரண்டு இடத்தில் லாவாவின் விளிம்பைத் தாண்டிக் குதிக்கிறது. முதலில் சஹாலி அருவி, ஏறத்தாழ 30 மீட்டர். அதற்குக் கொஞ்சம் கீழே கூசா அருவி, சுமார் 20 மீட்டர். நெடுஞ்சாலையில் காரை நிறுத்திவிட்டுச் சில நிமிடத்தில் நடந்து வரலாம் என்பதால் இங்கே குழந்தைகள், தாத்தா பாட்டிகள், நாய்கள் எல்லாம் உண்டு. சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பாதைகளின் பொது விதி. சாரல் படும் பாறையெல்லாம் பாசி. இறங்காமல் போனாலும் விழுந்து எழுந்துதான் போக வேண்டியிருக்கும்.

அருவிகளுக்குக் கீழே கார்மன் நீர்த்தேக்கம். அதைக் கடந்தால் விநோதம்: பக்கத்திலேயே ஓடிவந்த ஆறு காணாமல் போய்விடுகிறது. படுகை இருக்கிறது, உருண்ட கற்கள் இருக்கின்றன, தண்ணீர் மட்டும் இல்லை. சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு இதே நிலைமை. சுற்றுலாப் பலகைகளும் வழிகாட்டிகளும் விரும்பிச் சொல்லும் கதை, 1,500 ஆண்டுகளுக்கு மேல் முன்னால் பெல்க்நாப் எரிமலையிலிருந்து வந்த லாவா ஆற்றை விழுங்கிவிட்டது, நீர் பாறைக்கு அடியில் ஓடுகிறது என்பது. பொய்யில்லை, ஆனால் பாதிதான். யூஜீன் நகரத்தின் நீர், மின்சார வாரியம் 1963-ல் முடித்த கார்மன்–ஸ்மித் நீர்மின் திட்டம், கார்மனில் தேங்கும் நீரைச் சுரங்கக் குழாய் வழியே பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்மித் நீர்த்தேக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு குழாய் மின் நிலையத்துக்கு. லாவா பாதியை விழுங்கியது, மீதியை மனிதன் எடுத்துக்கொண்டான். டாமோலிட்ச் என்ற இடத்தில் ஒரு காலத்தில் அருவியாக விழுந்த நீர் இன்று அபூர்வமாக, பெருவெள்ளத்தில் மட்டும்தான் விழுகிறது. எரிமலையின் மீது மட்டும் பழியைப் போட்டால் கதை அழகாகத்தான் இருக்கும். அதற்காகக் குழாயை மறைக்க வேண்டியதில்லை.

அந்த வறண்ட அருவிக்குக் கீழே, பாறைக் கிண்ணத்துக்குள் ஆறு அடியிலிருந்து ஊறி மேலே வருகிறது. ப்ளூ பூல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நீலம் கண்ணைக் கூசவைக்கும். சாயமோ தாதுவோ காரணமில்லை. வண்டலே இல்லாத ஆழமான நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்கு நீலம் மிஞ்சுகிறது. வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் அளவில். கைபேசிப் படங்கள் பரவிய பிறகு கோடை வார இறுதிகளில் இங்கே கூட்டம் தாங்கவில்லை. டிரெயில் பிரிட்ஜ் அணைப் பக்கமிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தால் போதும் என்று செருப்போடு வந்து, கடைசிக் கிலோமீட்டர் லாவாவில் காலை உளுக்கிக்கொள்கிறவர்கள் நிறைய. மேலே பாறை விளிம்பிலிருந்து குதிப்பவர்களும் உண்டு. உயிர் போயிருக்கிறது, ஒருமுறைக்கு மேல். அந்தக் குளிரில் உடம்பு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது. தலை நீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மீட்புக் குழுவும் இதே கல்மேல்தான் நடந்து வர வேண்டும், ஸ்ட்ரெச்சரோடு.

சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் இங்கேதான் உரசல். என் கட்சி நடப்பவர்கள் பக்கம். இந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்காகச் சண்டை போட்டு முழுப் பாதையையும் இழக்கக் கூடாது. இழக்கலாம் என்பது வெறும் பயமில்லை. 1964-ன் வனாந்தரச் சட்டம், அதன் கீழ் காப்பாற்றப்படும் காடுகளில் இயந்திரப் போக்குவரத்தைத் தடைசெய்கிறது. சைக்கிளும் அதில் அடங்கும் என்று 1984-ல் வனத்துறை விதியிலேயே எழுதிவிட்டார்கள். மெக்கன்சிப் பாதைக்குக் கொஞ்சம் கிழக்கே மவுன்ட் வாஷிங்டன் வனாந்தரம் தொடங்குகிறது, அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. கேஸ்கேட் மலைத்தொடரின் முதுகில், மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையிலும் 1988 முதல் இல்லை. மெக்கன்சிப் பாதை அந்தக் கோடுகளுக்கு வெளியே, வில்லாமெட் தேசியக் காட்டில், பொழுதுபோக்குப் பாதையாக இருப்பதால்தான் நாம் ஓட்டுகிறோம். ஒவ்வொரு வசந்தத்திலும் விழுந்த மரங்களை இயந்திர ரம்பத்தால் அறுத்து வழி திறக்க முடிவதும் அதனால்தான். வனாந்தரத்துக்குள் என்றால் கை ரம்பம் வேண்டும்.

டிரெயில் பிரிட்ஜ் அணையைத் தாண்டினால் கையில் அதிர்வு நிற்கிறது. திடீரென்று நிற்பதால் காதுகூட அமைதியாவது போல இருக்கும். பாதையில் இப்போது ஊசியிலைகள் மக்கிய கறுத்த மண். கீழ்நோக்கிப் போகும்போது நமக்கு இடப்பக்கம் உயர் கேஸ்கேட், இளைய எரிமலைகள். வலப்பக்கம் மேற்குக் கேஸ்கேட், பல பத்து லட்சம் ஆண்டுப் பழைய பாறை. மேல் மெக்கன்சி இரண்டுக்கும் நடுவிலுள்ள மடிப்பில்தான் தெற்கே இறங்குகிறது. பழைய பாறை களிமண்ணாகச் சிதைந்து துளை அடைந்துவிட்டதால் மழை விழுந்தவுடன் ஓடிவிடும்; ஆகஸ்டில் அந்தப் பக்கத்து ஓடைகள் மெலிந்து போகும். இளைய லாவா அப்படியில்லை. பனி உருகும் நீரையெல்லாம் உள்ளே வாங்கி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, ஊற்றாக மெதுவாக விடும். மழையே இல்லாத கோடை முடிவில் மெக்கன்சி நிறைந்து ஓடுவதற்கு இந்தச் சேமிப்புதான் காரணம். மேலே டயரைக் கிழித்த அதே ஓட்டைப் பாறை. குளிர்ந்த நீர் இல்லாமல் வாழ முடியாத புல் டிரௌட் மீன் இந்த ஆற்றில் இன்னும் மிஞ்சியிருப்பதும் அதன் தயவில்.

இரண்டு வயதுப் பாறைகளும் சேரும் விளிம்பில் பூமி பிளந்திருக்கிறது. பிளவு வழியே ஆழத்துச் சூடு மேலே வருகிறது. டீர் கிரீக் அருகே ஆற்றங்கரையில் ஒரு சின்ன வெந்நீர்க் குட்டை, அதற்குக் கீழே பெல்க்நாப் வெந்நீர் ஊற்று. பின்னது 1870-களிலிருந்தே விடுதி, காசு கொடுத்துக் குளிக்கலாம். அந்த நேரத்துக்கு மணிக்கட்டும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கும் என்று தெரிந்தே அங்கே கட்டினார்களோ என்னவோ.

இந்தக் கீழ்ப்பாதியைப் பற்றி எழுதும்போது எல்லோரும் மரங்களின் உயரத்தைச் சொல்வார்கள். டக்ளஸ் ஃபிர், செந்நிறச் சிடார், ஹெம்லாக் எல்லாமே பிரமாண்டம்தான். எனக்குப் பிடித்தவை விழுந்து கிடப்பவை. ஓடைகளின் மேல் பாலமாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மரம். மேல்பக்கத்தைத் தட்டையாகச் செதுக்கி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடிக் கம்பு வைத்திருப்பார்கள். கைப்பிடி இல்லாத பக்கம் பார்த்தால் வண்டி அந்தப் பக்கமே போகும், ஆகவே மறுகரையைப் பார்த்து ஓட்டு என்பார்கள். பாதையோரத்துப் பழைய கட்டைகளின் முதுகில் ஹெம்லாக் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும். ஒரு மரம் விழுந்து மண்ணாக எவ்வளவு காலம் ஆகும் என்று பார்க்கவே, பக்கத்திலுள்ள எச். ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில் 1985-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். திட்டமிட்ட காலம் 200 ஆண்டு. தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே தொடங்கிய வேலை.

2023 ஆகஸ்டில் அந்த ஆய்வுக் காட்டில் மின்னல் வைத்த தீ பத்தாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரவியது. மெக்கன்சி பிரிட்ஜ் ஊரில் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2020 செப்டம்பர் 7 இரவு, கிழக்குக் காற்றில் கிளம்பிய ஹாலிடே ஃபார்ம் தீ இதைவிடப் பலமடங்கு பெரியது. 70,000 ஹெக்டேர் காட்டோடு ப்ளூ ரிவர் ஊரும் போயிற்று. ஈரப்பாசி மூடிய இந்தப் பள்ளத்தாக்கு எரியாது என்ற பழைய நம்பிக்கையோடு இனி யாரும் இங்கே வீடு கட்டுவதில்லை.

பாதை மெக்கன்சி ரேஞ்சர் ஸ்டேஷன் அருகே நெடுஞ்சாலை 126-ல் முடிகிறது. காலையில் மேலே கொண்டுபோய்விட்ட வேன் கீழே காத்திருக்காது. ஒரு காரைக் கீழ்முனையில் விட்டுவிட்டு வருவது வழக்கம். கார் இல்லாதவர்களுக்கு யூஜீனிலிருந்து பொதுப் பேருந்து இந்த ஸ்டேஷன் வரை வருகிறது, முன்பக்கத்தில் சைக்கிள் மாட்டும் சட்டம் உண்டு. இடம் கொஞ்சம்தான், ஒரு நாளில் வரும் பேருந்துகளும் சில. ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டு ப்ளூ பூலில் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.