புகுந்த ஊர்

'குடிபெயர்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் யார் நம் கண்முன் வருகிறார்கள்? டிரங்குப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயிலேறும் இளைஞன். அல்லது பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறியவன். கதை எழுதுகிற நாங்களும் அவனைத்தான் எழுதித் தீர்த்திருக்கிறோம். மனித பூகோளப் புத்தகங்களும் அவனுக்குத் தோதாகவே பேசுகின்றன. பஞ்சமும் வேலையின்மையும் ஒருவனை ஊரைவிட்டுத் தள்ளுமாம். கூலியும் படிப்பும் வேற்றூருக்கு இழுக்குமாம். ஒன்று தள்ளும் காரணம், மற்றொன்று இழுக்கும் காரணம்.

ஆனால் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். கடைசியாக வசித்த இடத்தைக் கேட்டுக் கணக்கிட்டதில், இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்! அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் கல்யாணத்துக்கு.

ராவென்ஸ்டைன் என்பவர் பிரிட்டனின் கணக்கை அலசி 1885-லேயே இதைச் சொல்லிவிட்டார். பெரும்பாலோர் போவது அருகிலுள்ள ஊருக்குத்தான். அப்படிக் குறைந்த தூரம் போகிறவர்களில் பெண்களே அதிகம் என்றார். அங்கே வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் போனார்கள். இங்கே கழுத்தில் தாலியேறிப் போகிறார்கள்.

அருகிலுள்ள ஊர் என்றால் லேசா? எங்கள் பெரியம்மா பாபநாசத்தில் பிறந்து கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். ரயிலில் அரை மணிகூட ஆகாது. ஐம்பது வருஷம் அங்கே குடித்தனம் செய்த பிறகும் ஓரகத்திகளுக்கு அவள் 'பாபநாசத்துக்காரி'தான். பிறந்த வீட்டுக்குப் போனாலோ, "கும்பகோணத்து அத்தை வந்திருக்கா" என்று குழந்தைகள் வாசலுக்கு ஓடி வரும். அவளைத் தள்ளியது எது, இழுத்தது எது? அவளை ஒருவரும் கேட்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. தாய்வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, மூன்றாம் மாதம் அப்பாவின் ஊருக்குத் தூக்கிவரப்படும் குழந்தைகூடக் கணக்கில் குடிபெயர்ந்ததாகிவிடும்! 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'பிறந்தபின் இடம் மாறியது' என்று தனிக் காரணமே வைத்தார்கள். பெரியம்மாவின் நாலு பிள்ளைகளும் பாபநாசத்தில் பிறந்தவர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் நாலு பேரும் யோசிக்காமல் கும்பகோணம் என்பார்கள்.