மேசைமேல் இரண்டு பெட்டிகள்

எங்கள் வீட்டு முன்னறையில், சாமி படத்துக்குக் கீழே ஒரு பழைய மேசை இருக்கிறது. அதன்மேல் கறுப்பு நிறத்தில் இரண்டு சிறிய ஒலிப்பெட்டிகள். கணினியோடு இணைத்துப் பாட்டுக் கேட்பதற்காக வாங்கியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, "இன்னுமா சார் இதை வெச்சிருக்கீங்க? கைப்பேசியோட சேர்ற புளூடூத் பெட்டிதான் இப்பக் கடைக்குக் கடை கிடைக்குதே!" என்பார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அவற்றின் கதையைச் சொல்லப் புகுந்தால் என் தந்தையாரின் கதையையும், என் தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும். இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும்.

அது 2003ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் சேர்ந்த புதிது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தை அரசாங்கம் அந்த ஆண்டுதான் தொடக்கிற்று. பள்ளிகளுக்கு மடிக்கணினியும், திரையில் படம் காட்டும் கருவியும், பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகளும் வந்தன. படம் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் மடிக்கணினியின் சத்தம் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், திரையில் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவுக்குப் போய், கொம்தார் பக்கத்துக் கணினிக் கடைகளில் ஏறி இறங்கி, நாற்பத்தெட்டு வெள்ளிக்கு இந்த இரண்டு பெட்டிகளையும் வாங்கி வந்தேன். புது வாத்தியாரின் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவற்றை மாட்டி, பாடத்தை ஓடவிட்டதும், கடைசி வரிசைப் பையன் ஒருவன் இரண்டு கைகளையும் தட்டினான். போட்ட பணம் அந்தக் கைத்தட்டலிலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கணினி தொடக்கத்தில் ஊமையாகத்தான் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக்கணினிக்கு, 'பீப்' என்று கத்தும் ஒரு சிறிய ஒலிப்பான்தான் உள்ளே இருந்தது. பாட்டும் பேச்சும் கணினிக்குப் பரவலாக வந்ததற்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் முக்கியக் காரணம். சிங்கப்பூரில் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூ, 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலி அட்டையைக் கொண்டுவந்தார். உலகமெங்கும் கணினிகள் வாய் திறந்தன. 2023 ஜனவரியில் அவர் காலமானார்.

நம் பினாங்குக்கும் இதில் பங்கு உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியபோது, முதலில் வந்து கடை விரித்தவர்களில் இன்டெல், ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்களோடு, காருக்கு ஒலிக்கருவி செய்யும் கிளாரியனும் இருந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள்! என் அக்காவும் அப்படிப் போனவர்தான். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். அக்கா சம்பளத்தில்தான் நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன்.

பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பாற்றுவதுதான் ஆண்டுக்கணக்கான வேலை. எங்கள் தோட்டத்தில் அப்போது ஒலிப்பெட்டி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர். ஆளுக்கு ஓர் அனுபவம். கிராணி வீட்டில் ஏதோ ஒரு பழைய ஒலிப்பெட்டியைக் கணினித் திரைக்கு ஒட்டி வைத்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை படிந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த காந்தம் செய்த வேலை அது. தள்ளி வைத்ததும் மெல்ல மெல்லச் சரியாயிற்று. கோயில் செயலாளர் வீட்டில், மாலை இடிமழையின்போது பிளக்கைக் கழற்ற மறந்தார்கள்; மறுநாள் பெட்டி பேசவில்லை. இன்னொருவர் வீட்டுப் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டுக் குடும்பம் நடத்திற்று.

என் பெட்டிக்கு ஒரு விசேஷம் இருந்தது. அப்போதைய கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடிக்கு முன்பே பெட்டியில் 'டட்டட் டட்டட்' என்று ஓர் இரைச்சல் வரும். கைப்பேசியின் அலையைப் பெட்டிக்குள் இருக்கும் கம்பிகள் பிடித்துக்கொள்வதால் வருவது அது. அம்மாவோ, "பெட்டிக்குக் குறி சொல்லத் தெரியும்" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்குப் பெரிய ஒலிபெருக்கி வந்த பிறகு, என் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. செம்பனை ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா, அவற்றைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். முன்பு ரேடியோ ஆறு என்று இருந்த மின்னல் எஃப்எம்மின் செய்தி, பழைய பாடல்கள், குறுந்தட்டில் பதிந்து கொடுத்த பக்திப் பாடல்கள் எல்லாம் அதில்தான். லயத்தை விட்டு நாங்கள் தாமானுக்குக் குடிவந்த பிறகும், மாலை ஐந்து மணியானால் அப்பாவும் அந்தப் பெட்டிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்திருப்பார்கள்.

2013 வாக்கில் தகராறு தொடங்கிற்று. சத்தம் நாளுக்கு நாள் ஏறிற்று. தாமான் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தானே! பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் இரண்டு முறை வந்து பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் குறைத்துவிட்டுப் போவேன். அப்பா மறுபடி கூட்டுவார்.

"பெட்டி கெட்டுப்போச்சு தம்பி. மேளம் கேக்குது, வார்த்தை கேக்கல" என்றார்.

திறந்து பார்த்தேன். பத்தாண்டுப் பெட்டி அல்லவா? ஒலித்திருகைத் திருப்பினால் கரகரத்தது. ஒலிக்கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம், நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மக்கி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அடியில் மெல்லிய 'ம்ம்ம்' என்ற ஓசை வேறு. எல்லாப் பழியையும் பெட்டிமேல் போட்டேன். ஆனாலும், பள்ளித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், மறுபடி சத்தம் ஏறியபோது, பொறுமை இழந்து கத்திவிட்டேன்.

"ஏம்ப்பா, காது செவிடா உங்களுக்கு?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் பெட்டியைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

மனம் கேளாமல் பெட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். சூலியா தெருப் பக்கம், வானொலியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் ஒரு முதியவர் இருந்தார். புதுப் பெட்டி வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று எண்ணினேன். அவரோ ஒரு திருப்புளியை எடுத்துப் பொறுமையாகக் கழற்றினார். உப்பிப்போயிருந்த கண்டென்சரை மாற்றினார். 'ம்ம்ம்' ஓசை நின்றது. திருகுக்குள் மருந்து அடித்து முன்னும் பின்னும் திருப்பினார், கரகரப்பு போயிற்று. உதிர்ந்த நுரைக்குப் பதிலாக ரப்பர் வளையம் ஒட்டினார். இருபத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டார். நான் அப்பா சொன்ன குறையைச் சொன்னேன்: மேளம் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரே, நுரை போனா மேளந்தான் முதல்ல கெடும். வார்த்தை கெடாது. பெட்டியில இருந்த கோளாறு வேற, உங்கப்பா சொல்ற கோளாறு வேற. அவரு என்ன வேலை செஞ்சாரு?"

"செம்பனை ஆலையில, எஞ்சின் ரூமுல."

"அப்ப காதைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார்.

ஃபெர்ரியில் திரும்பி வரும்போது பெட்டிப்பை மடியில் கனத்தது. படித்த எனக்குத் தோன்றாதது, பழுது பார்க்கும் பெரியவருக்கு ஒரே கேள்வியில் தோன்றிவிட்டது.

அரசாங்க மருத்துவமனையில் அப்பாவைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டிச் சோதித்தார்கள். கோடு போட்ட தாளைக் காட்டி மருத்துவர் விளக்கினார். தடித்த ஓசைகள் வரும் இடத்தில் கோடு நேராகப் போய், கீச்சென்ற ஓசைகள் வரும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் இயந்திர இரைச்சலில் நின்றவர்களுக்கு இப்படித்தான் முதலில் போகுமாம். உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் செத்துவிடுகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. மத்தளமும் ஆண்குரலும் கேட்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளும், குழந்தைகளின் குரலும், குருவிச் சத்தமும் நழுவிவிடும். 'காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை' என்பார்கள். அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து அதுதான்.

"ஆலையில் காதுக்கு ஏதாவது போட்டுக்கொள்வீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "சில நேரம் பஞ்சு வெச்சுக்குவோம்" என்றார் அப்பா. சாதாரணப் பஞ்சு இரைச்சலைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தொழிற்சாலை இரைச்சலுக்கு நம் நாட்டில் 1989இலேயே விதிமுறை வந்தது. 2019இல் வந்த புதிய விதிமுறை, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்தது. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். வரம்பு மீறும் இடத்தில் காதுக்கவசமும் செவிச் சோதனையும் முதலாளி செய்து தர வேண்டியவை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. வேலைத்தாள்கள் எதையும் நாங்கள் பத்திரப்படுத்தவில்லை. கேட்டுப் பார்க்கக்கூட நாங்கள் போகவில்லை. அது எங்கள் அறியாமை. அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

அப்பாவுக்குச் செவிக்கருவி மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்று, "இந்தக் குருவியெல்லாம் எங்க போயிருந்துச்சு இத்தனை நாளா?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாலை ஐந்து மணிக்கு நானே பெட்டிகளை மாட்டி, அப்பாவுக்குப் பழக்கமான அளவில் சத்தத்தை வைத்தேன். பாட்டு தொடங்கியதும் அப்பா முகம் சுளித்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா. பக்கத்து வீட்டுல மனுசங்க இருக்காங்கல்ல?"

குறைத்தேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவும் செய்தேன். "விடு தம்பி, நீ பெட்டியைத்தான திட்டுன" என்று சொல்லிவிட்டார். நான் யாரைத் திட்டினேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்றிலிருந்து வகுப்பிலும் என் பார்வை மாறிற்று. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சொல்வதெழுதலில் ஒலி ஒலியாகத் தவறு செய்யும் பிள்ளை, இவர்களைக் 'கவனமில்லாதவர்கள்' என்று நான் இப்போது எழுதுவதில்லை. அப்படி ஒரு பையனை மருத்துவரிடம் அனுப்பினேன். காதில் சீழ் கோத்திருந்தது. மருந்துக்குப் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகப் படித்தான். அதற்கு முன் என் கையில் எத்தனை பிள்ளைகள் வீணாக ஏச்சு வாங்கினார்களோ!

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோபப்படாதீர்கள், காதைக் காட்டுங்கள். ஆலையிலோ, புல்வெட்டும் இயந்திரத்தோடோ வேலை செய்கிறவர்கள் கவசம் கேட்டு வாங்கி அணியுங்கள். வேலைத்தாள்களையும் செவிச் சோதனைத் தாள்களையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். காதுக்குள் கருவி செருகிக்கொண்டு இரவெல்லாம் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெட்டியில் நுரை மக்கினால் இருபத்தைந்து வெள்ளியில் மாற்றிவிடலாம். காதுக்குள் செத்ததை மாற்ற எந்தக் கடையிலும் ஆள் இல்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மணி ஐந்தாகப் போகிறது. செவிக்கருவியின் மின்கலத்தை மாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் எழுந்து போக வேண்டும்.