எஃப் இல்லாத பாசை

ஞாபக மறதியைச் சோதிக்கும் மோகா என்ற தாளில் ஒரு கேள்வி உண்டு. ஒரு நிமிடத்துக்குள் ஆங்கில எஃப் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். பதினொன்று வந்தால் ஒரு புள்ளி. ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் எதுவும் சேராது. அம்மா ஃபிஷ், ஃபான், ஃபிரிஜ், ஃபக்டரி என்று வந்து, ஃபோர் என்றார். அது எண். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்கட பாசையில அந்த எழுத்தே இல்லையேடா."

மோகா மொன்றியலில் உருவாகி 2005இல் வெளியான சோதனை. அதற்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. அன்று மேசையில் இருந்தது ஆங்கிலத் தாள். அந்த ஒரு நிமிடம் ஞாபகத்தைவிட ஆங்கிலத்தைத்தான் அளந்தது என்பது என் எண்ணம்.

அம்மாவிடம் மொழிக்குப் பஞ்சமில்லை. அப்பா குருநாகலில் தபால் கந்தோரில் இருந்த காலத்தில் சிங்களம் பிடித்தார். சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்தபின் பொதிசெய்யும் தொழிற்சாலையில் ஆங்கிலம். 1960களில் எழுந்த அந்தத் தொடர்மாடிகளில் லிஃப்ற்றில் ஏறி இறங்குவதே ஒரு மொழி வகுப்பு. பக்கத்து வீட்டு பிலிப்பினோ அக்காவுக்கு 'சலாமத்' சொல்லித்தான் கதவைச் சாத்துவார்.

இப்படிப்பட்டவர்களின் மூளையைப் பற்றிய முக்கியமான ஆய்வு நடந்ததும் இதே ரொறொன்ரோவில்தான். யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்ரொக் சொல்வது இது: இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. அதை ஓரமாக நிறுத்திவைக்கும் வேலையை மூளை நாள்முழுக்கச் செய்கிறது. 2007இல் அவரும் ஃபேர்கஸ் கிரெய்க், மொரிஸ் ஃபிரீட்மன் ஆகியோரும் பேகிரெஸ்ட் ஞாபக மருத்துவமனைக்கு வந்த 184 நோயாளரின் பதிவுகளைப் பார்த்தார்கள். இருமொழியாளருக்கு மறதிநோயின் அறிகுறி ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது.

அவர்களில் பெரும்பாலோர் குடிவந்தவர்கள் என்ற மறுப்பு உடனே எழுந்தது. நியாயமான மறுப்பு. கடல் தாண்டி வந்து தாக்குப்பிடித்தவர்கள் வேறு வகையிலும் உறுதியானவர்களாக இருக்கலாம் அல்லவா? 2010இல் வந்த மொன்றியல் ஆய்வில், கனடாவிலேயே பிறந்து ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்ட இருமொழியாளரிடம் அந்தத் தாமதம் தெரியவில்லை. ஆனால் 2013இல் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 பேரைப் பார்த்தபோது நாலரை ஆண்டு வித்தியாசம் வந்தது. அங்கே குடிவரவு என்ற பேச்சே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அது தெரிந்தது. இளைஞர்களின் கவனத்திறன் கூடுகிறது என்ற இன்னொரு கூற்றைத்தான் பலர் திரும்பச் செய்துபார்த்தும் உறுதிப்படுத்த முடியவில்லை.

என்னை உலுக்கியது வேறொரு ஆய்வு. 2012இல் ரொறொன்ரோ ஆய்வாளர்கள் அல்ஸைமர் நோயாளரின் சி.ரி. ஸ்கானை ஒப்பிட்டார்கள். ஒரே அளவு திறனோடு இருந்தவர்களில் இருமொழியாளரின் மூளைதான் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. என் தொழிலில் இது பழக்கமான சங்கதி. ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது பாரத்தை ஏற்கும்; திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். இரண்டாவதும் தள்ளாடும்போதுதான் எங்களுக்குத் தொலைபேசி வரும். மொழிகள் நோயைத் தடுக்கவில்லை, தாங்கிப் பிடித்திருக்கின்றன. அம்மா நன்றாகத்தானே கதைக்கிறார் என்று நாங்கள் இருந்த ஆண்டுகளை இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். 2007 ஆய்வின் கணக்கில் அவள் இருமொழியாளர் இல்லை; வாழ்நாளின் பெரும்பகுதி இரண்டையும் வழக்கமாகப் பேசியவர்களையே அவர்கள் அப்படி எண்ணினார்கள். மூளைக்கு நல்லது என்று சொல்லித் தமிழை அவளுக்கு மீனெண்ணெய் மாதிரிப் பருக்க எனக்கு மனமில்லை. அறுபது வருடம் கழித்துக் கிடைக்கக்கூடிய நான்கு ஆண்டுக்காக எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அவசரம் இங்கே, வீட்டுக்குள் இருக்கிறது. அம்மாவை விட்டு முதலில் போவது ஆங்கிலம்தான். போன மாதம் 'வோட்டர்' என்ற சொல்லுக்கு என் முகத்தைப் பார்த்தார். மகள் ஆங்கிலத்தில் கேட்பதற்கெல்லாம் இப்போது சிரிப்பு மட்டும்தான் பதில்.

போன கிழமை அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, அப்பம்மாட்ட காலைப் பற்றிக் கேட்கோணும். வலிக்குதா, நோகுதா, எது சரி?"

"நோகுதோ எண்டு கேள்," என்றேன்.