மயிலிட்டியிலிருந்து போன இரவு

கச்சதீவுக்குப் போவது இப்போது பெரிய காரியமில்லை. அந்தோனியார் திருவிழா அறிவித்ததும் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கினால் படகு நிற்கும். போர் முடிந்தபின் நானும் அப்படிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். மனம் ஆறவில்லை. எனக்கு வேண்டியிருந்தது தீவு மட்டுமல்ல, எங்கள் மயிலிட்டித் துறையில் ஏறி, எங்கள் ஆட்கள் ஓட்டிய படகில், இராமுழுக்கக் கடலில் கிடந்து அங்கே போய்ச் சேர்ந்த அந்த வழி.

1983க்கு முன்னர் அது எங்கள் வீட்டு வழக்கம். தொழிலுக்குப் போகும் மூன்றரைத் தொன் படகில் வலையை இறக்கிவிட்டுக் கழுவிக் காயவிடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் மீன்வாடை போகாது. டீசல் காசை அயலட்டை சேர்ந்து போடும். தீவு 285 ஏக்கர்தான், குடியிருப்பு இல்லை, குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. ஆகவே முதலில் ஏறுவது தண்ணீர்ப் பரல்கள். பிறகு விறகு, பாய், வெயிலுக்குக் கட்டப் படங்கு. தவக்காலம் என்பதால் பிட்டும் சம்பலும் பருப்பும் மட்டும். அம்மம்மா சாப்பாட்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருப்பா.

பொழுதுபட வெளிக்கிட்டால் விடியத்தான் தீவு. நாற்பது கடல்மைலுக்கு மேல். வாடை ஓய்ந்துவரும் காலம், காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளும். கரை இடக்கைப் பக்கம் கூடவே வரும். முதலில் காங்கேசன்துறை: 1893இல் கட்டிய வெளிச்சவீடு, அதற்குப் பக்கத்தில் சீமெந்துத் தொழிற்சாலையின் விளக்குகள். கடலில் நின்று பார்க்கும்போது அந்தத் தொழிற்சாலை ஒரு பட்டணம்போல் இருக்கும். அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கீரிமலை, மாதகல் கழிந்ததும் காரைநகர்க் கோவளத்து வெளிச்சவீடு. அதற்குப் பிறகு இருட்டு. பெண்கள் செபமாலை தொடங்குவது அப்போதுதான். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று உரக்கச் சொல்வார்கள், ஒவ்வொருவராகக் குரல் அடங்கி நித்திரையாவார்கள்.

நான் நித்திரை கொள்ளமாட்டேன். சுக்கானில் குஞ்சியப்பு இருப்பார்.

“குஞ்சியப்பு, வழி எப்பிடித் தெரியும்?”

“வெளிச்சவீடு தெரியுமட்டும் அது. பிறகு வெள்ளி. பிறகு தண்ணி.”

“தண்ணியோ?”

“ஓம் பிள்ளை. நெடுந்தீவு கழிஞ்சா அலை அடிக்கிற விதம் மாறும். படுத்துக் கிடந்து பார், உன்ர முதுகுக்கு விளங்கும்.”

படுத்துக் கிடந்தேன். நெடுந்தீவை இடப்பக்கம் விட்டுத் தென்மேற்கே திரும்பியபோது அது உண்மையாகவே விளங்கியது. படகின் ஆட்டம் மாறியது. அன்றைக்கு என் உடம்பு படித்ததை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குத் தரவில்லை.

தீவில் இராமேசுவரத்துப் படகுகள் வந்து கிடக்கும். கோயிலே அந்தக் கரையைச் சேர்ந்த நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி கட்டியதுதான். 1974 ஒப்பந்தத்தோடு தீவு இலங்கைக்கு என்றானது. ஆனால் சிலுவைப்பாதையில் நடந்தவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களின் சேலைகளும் எங்கள் சவர்க்காரமும் கைமாறும். ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்கி வைத்திருப்பார்கள். ஞாயிறு பூசை முடியத் திரும்புவோம்.

1990 ஜூனில் போரால் மயிலிட்டி வெறுமையானது. சனம் மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் என்று சிதறியது. கடலுக்கு எத்தனையோ மைல் உள்ளே, தகரக் கொட்டிலில், குஞ்சியப்பு கடைசிவரை காற்றின் திசையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். இராணுவத்தின் பிடியிலிருந்து துறைமுகம் விடப்பட்டது 2017 ஜூலை 3ஆம் திகதி, இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு.

துறை 2019இல் திருத்தித் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வரும் பலநாள் படகுகளும் இப்போது அங்கே கட்டுகின்றன. எல்லை தாண்டியதற்காகப் பிடிபட்ட தமிழகத்து இழுவைப்படகுகளும் அங்கேதான் கிடந்து உக்குகின்றன. இழுவைமடி எங்கள் கடலின் அடியையே வழித்துக்கொண்டு போகிறது, அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. என்றாலும் அணியத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்களை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. திருவிழாவில் எங்களோடு பந்தலைப் பங்குபோட்டவர்களின் பிள்ளைகள் ஓட்டிய படகுகளாகவும் அவை இருக்கலாம்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மயிலிட்டித் துறையின் மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்துவிட்டு, அன்றைக்கே கச்சதீவுக்கும் போனார். இரண்டு ஊர்ப் பெயரையும் ஒரே செய்தியில் கேட்டு எத்தனை காலம்! அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மகள் பிள்ளைகளோடு ரொறன்ரோவிலிருந்து வரப்போகிறாள். பேரனுக்குக் கச்சதீவு பார்க்க வேண்டுமாம். குறிகட்டுவானுக்குக் கூட்டிப்போகலாம்தான், ஆனால் எனக்கு மனமில்லை. அவன் மயிலிட்டியில் ஏற வேண்டும். குஞ்சியப்புவோடு கடலுக்குப் போனவர்களில் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள், சுக்கான் பிடிக்கக் கை நடுங்காத வயதில். அவர்களிடம் கேட்டுவிட்டேன். அனுமதி கிடைத்தால் வருகிறோம் என்றார்கள். இனி அந்த அனுமதியை யாரிடம் எழுதிக் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.