அறுபது நிமிடங்கள்

2026 ஜனவரி இறுதியில் ஓர் இரவு பெங்களூரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். குரலில் துக்கச் செய்தி சொல்பவனின் தயக்கம். வீட்டில் எல்லோரும் நலமா என்று பதறிக் கேட்டேன். “எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அக்கா, அந்த கேமை நிறுத்திட்டாங்க” என்றான். எந்த கேம் என்று நான் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்களுக்குள் ‘அந்த கேம்’ என்றால் ஒன்றுதான்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்று 2003இல் ஒரு கணினி விளையாட்டு வந்தது. அதைப் புதிதாகச் செய்து தரப்போவதாக யுபிசாஃப்ட் நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிவித்தது. அந்நிறுவனத்தின் பூனா, மும்பைக் கலையகங்கள்தாம் அதைச் செய்துகொண்டிருந்தன. முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் முகங்கள் உயிரற்றிருக்கின்றன என்று கடுமையாகக் குறை சொன்னார்கள். 2021 ஜனவரி என்ற தேதி மார்ச் ஆயிற்று, பிறகு தேதியே இல்லாமற்போயிற்று. 2022இல் வேலையை மாண்ட்ரியலுக்கு எடுத்துச் சென்றார்கள். 2026 ஜனவரியில் மொத்தமாகக் கைவிட்டார்கள். நாற்பதைக் கடந்த ஒரு மனிதன், வீட்டுக் கடன் கட்டுபவன், இதற்காக இரவு பத்தரை மணிக்கு அக்காவை அழைப்பான் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு நான் முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1996இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அப்பா என்னைக் கணினி வகுப்பில் சேர்த்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் அது பெரிய செலவு. அம்மாவின் சீட்டுப் பணம் அதற்குப் போனது. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் என்று பாடத்திட்டம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கணினியின் முன் அமரலாம். குளிரூட்டப்பட்ட அறை என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் நுழைவதைப் போன்ற பயம் எனக்கு. பெண் பிள்ளை தனியாக வரக்கூடாதென்று பதினொரு வயதுத் தம்பியைத் துணைக்கு அனுப்புவார்கள். செருப்புகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவன் கால் ஆட்டியபடி உட்கார்ந்திருப்பான்.

இரண்டாவது வாரம் பயிற்றுநர் ஒரு நெகிழ்வட்டைச் செருகி எங்களுக்கு இளவரசனைக் காட்டினார். பாதாளச் சிறையில் விழுந்து கிடக்கும் ஒருவன் எழுகிறான், ஓடுகிறான், விளிம்பைப் பற்றித் தொங்குகிறான். அதற்கு முன்பு நான் பார்த்த விளையாட்டுகளில் பொம்மைகள் நகரும். இவனுக்கு எடை இருந்தது. ஓடி நிற்கும்போது இரண்டடி சறுக்கினான். முள்ளில் விழுந்தால் நிஜமாகவே செத்தான். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அளிக்கப்பட்ட நேரமும் அறுபது நிமிடம். கணினி உயிர்பெறவும் பயிற்றுநர் அப்பால் போகவும் எட்டு நிமிடம் கழிந்துவிடும். எனவே எந்த நாளும் எங்கள் இளவரசன் தோற்கத்தான் வேண்டும். அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. வேர்ட்ஸ்டாரில் கடிதம் அடிக்கக் கற்றுக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்த அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்த மணற்கடிகாரம் என் வயிற்றில் ஒழுகியது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தம்பியையும் மெல்ல உள்ளே அழைத்துக்கொண்டேன். நான் அம்புக்குறிகள், அவன் ‘ஷிஃப்ட்’ விசை. விளிம்பைப் பற்றுவதற்கு அந்த விசையை அழுத்த வேண்டும். நான் குதிப்பேன், அவன் பிடிப்பான். அவன் ஒரு கணம் பிந்தினால் நாங்கள் சாவோம். பிற்பாடு பயிற்றுநரே இரக்கப்பட்டு, ‘பிரின்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘மெகாஹிட்’ என்று அடித்துத் தொடங்கினால் நிலைகளைத் தாண்டிச் செல்லலாம் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் பன்னிரண்டாம் நிலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே நிழல் நிற்கிறது. நான்காம் நிலையில் ஒரு கண்ணாடிக்குள் ஓடிப் பாயும்போது மறுபுறம் பிரிந்து ஓடிய அதே நிழல். வாளை உருவி வெட்டினால் நம் உயிரும் சேர்ந்து குறைகிறது. மூன்று நாட்கள் அதனுடன் சண்டையிட்டுச் செத்தோம். நான்காம் நாள் தம்பி கை தவறிக் கீழ்நோக்கிய அம்பை அழுத்திவிட, இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இரண்டும் ஓடிவந்து ஒன்றாயின. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பின்னாளில் அத்வைதம் பற்றி வகுப்பில் பேச நேர்ந்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான். நல்லவேளையாக மாணவர்களிடம் சொன்னதில்லை.

இதன் பின்கதையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் டூ கணினிக்காக ஏறக்குறைய தனி ஆளாக எழுதிய ஆட்டம் இது, 1989இல் வெளிவந்தது. ஓடுவதற்கும் தாவுவதற்கும் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவிட்டுப் படம்பிடித்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். வாள்சண்டைக்கு 1938ஆம் ஆண்டு ராபின் ஹூட் திரைப்படம் உதவியது. இசை அவருடைய தந்தை ஃபிரான்சிஸ். ஆக இது ஒரு குடும்பக் காரியம். தம்பியின் ஓட்டத்தைத்தான் அக்காவும் தம்பியுமாக நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தபோது நெஞ்சு கனத்தது. நிழல் பிறந்த விதமோ இன்னும் சுவையானது. புதிய எதிரியின் உருவங்களைச் சேர்த்துவைக்கக் கணினியின் நினைவகத்தில் இடமில்லை. இளவரசனின் உருவத்தையே சற்று நகர்த்தி அதன்மேலேயே பதித்தபோது மின்னும் ஒரு நிழலுரு கிடைத்தது. வறுமையில் பிறந்த கற்பனை. நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் நாலு பூதங்களை வரைந்துவிட்டுப் போயிருப்பார். அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இல்லாமற்போயிருக்கும்.

மறுஆக்கங்களிடம் எனக்குள்ள முதல் ஐயம் இங்கிருந்துதான் வருகிறது. 2007இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கிளாசிக்’ என்று முதல் ஆட்டத்தையே மெருகேற்றி வெளியிட்டார்கள். அதே சிறை, அதே முட்கள், அதே கதவுகள். சுவர்களில் ஒளி வழிகிறது, இளவரசன் அழகனாகியிருக்கிறான், செத்தால் சற்று முன்னாலிருந்தே தொடரலாம். தம்பி வீட்டில் ஆடிப் பார்த்தேன். குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை, மறுநாள் மீண்டும் ஆடவும் தோன்றவில்லை. இல்லாமையிலிருந்து பிறந்த ஒரு வடிவத்தை வசதியின் நடுவே அப்படியே எடுத்து வைக்கும்போது அதன் நியாயம் விளங்காமற்போகிறது.

இப்படி எழுதியபின் என்னையே நான் மறித்துக் கேட்க வேண்டியிருக்கிறது: எனக்கு எது மூலம்? நான் ஆடியது ஆப்பிள் கணினியின் ஆட்டம் இல்லை. 1990இல் டாஸுக்கு மாற்றப்பட்டது. அதுவும் கறுப்பு வெள்ளைத் திரையில். கல்லூரியில் முதன்முறையாக அதை வண்ணத்தில் பார்த்தபோது யாரோ வேடிக்கைக்காகச் சாயம் பூசிவிட்டார்கள் என்றே நினைத்தேன்! ஜப்பானியக் கணினிக்குப் போனபோது இளவரசனுக்குத் தலைப்பாகை வந்தது; மெக்கின்டாஷ் பதிப்பு அந்தத் தலைப்பாகையை எடுத்துக்கொண்டது. 1992இல் சூப்பர் நின்டென்டோவில் பன்னிரண்டு நிலைகள் இருபதாயின, அறுபது நிமிடம் நூற்றிருபது ஆயிற்று. சுவடி படித்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்காது. பாடபேதமும் இடைச்செருகலும் இல்லாமல் எந்தப் பிரதி நம் கைக்கு வந்திருக்கிறது? 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் எத்தனை ஏடுகளை ஒப்பிட வேண்டியிருந்தது என்பதை வகுப்பில் வருடந்தோறும் சொல்கிறேன். நான் ‘மூலம்’ என்று கட்டிக்கொண்டு அழுவது ஒரு படியின் படி. சாயம் போன படி.

எனவே மாற்றுவதே பிழை என்று வாதிட எனக்குத் தகுதியில்லை. ‘ரெசிடெண்ட் ஈவில் 2’ 1998இல் வந்தபோது அறையின் மூலையில் நிலைத்த கண் ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2019இன் மறுஆக்கம் அந்தக் கண்ணைப் பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. இரண்டையும் தம்பி ஆட நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். இரண்டும் வேறு வேறு அச்சங்கள், இரண்டாவதும் உண்மையானதே. 1997இன் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ 2020இல் மறுபிறவி எடுத்தபோது ஒரு விநோதம் செய்தார்கள். கதை பழைய வழியிலிருந்து விலகும்போதெல்லாம் சாம்பல் நிற ஆவிகள் வந்து அதைத் தடுக்கின்றன. பழைய ரசிகர்களையே பூதங்களாக்கி உள்ளே விட்டுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. வழிநூல் முதல்நூலோடு சண்டையிடும் இந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட மனத்துக்கு நெருக்கமானது 2009இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ சிறப்புப் பதிப்பு. 1990இன் ஆட்டத்தைப் புதிய ஓவியங்களுடனும் குரல்களுடனும் தந்தார்கள். ஆனால் ஒரு விசையை அழுத்தினால் அக்கணமே அதே காட்சி பழைய வடிவத்துக்கு மாறிவிடும். மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட நல்ல பதிப்பைப் போல. உரை பிடிக்காதவர் மூலத்தோடு நின்றுகொள்ளலாம்.

நான் கோபப்படுவது வேறோர் இடத்தில். ‘வார்கிராஃப்ட் 3’ 2020இல் புதுப்பிக்கப்பட்டபோது, பழையதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் கணினியிலும் பழைய நிரலின் இடத்தில் புதியது வந்து அமர்ந்தது. முன்பிருந்த சில வசதிகளும் காணாமற்போயின. 2021இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ முத்தொகுதிக்குப் புதிய பதிப்பு வரும்போது பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து முன்கூட்டியே நீக்கினார்கள். புதியது பிழைகள் மலிந்து வந்து நகைப்புக்கிடமான பிறகு, கணினிக்கான பழையவற்றைத் திரும்ப வைத்தார்கள். ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குத் தெரியும், ஏடுகள் ஆற்றில் விடப்பட்டதும் தீயில் இடப்பட்டதும். சுவடியைப் படியெடுத்தபின் பழையதை ஆற்றில் விடுவதற்கு அக்காலத்தவரிடம் ஒரு நம்பிக்கையாவது இருந்தது. இங்கே கணக்குப் புத்தகம் மட்டுமே இருக்கிறது. மெக்னரின் ஆப்பிள் நிரல்கூடத் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2012இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டி வட்டுகளைக் கண்டெடுத்தார். இசை கொடுத்த அதே தந்தை. மெக்னர் அதை யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார்.

இனி தம்பியின் துக்கத்துக்கு வருகிறேன். 2004இல் என் திருமணத்துக்கு முந்தைய மாதங்களில் அவன் பொறியியல் மாணவன். வீட்டில் கணினி வந்துவிட்டிருந்தது. பர்மா பஜார் குறுந்தகட்டில் (பாவத்தை மறைப்பானேன்) ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கொண்டுவந்தான். இந்த இளவரசனிடம் ஒரு குத்துவாள். அதன் பிடியை அழுத்தினால் காலம் பின்னோக்கிச் செல்லும், விழுந்தவன் மேலேறி வருவான். நாங்கள் பழைய முறைப்படி ஆடினோம். நான் திசைகள், அவன் குதிப்பும் குத்துவாளும். அரண்மனை நூலகத்தில் ஒளிக்கற்றையைக் கண்ணாடிகளால் திருப்பிவிடும் புதிர் ஒன்று வரும். அதில் நின்றோம். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்.

அந்த ஜனவரி இரவில்தான் சொன்னான்: “நான் அதுக்கப்புறம் ஆடவே இல்லக்கா. புதுசு வந்தா சேர்ந்து முடிக்கலாம்னு இருந்தேன்.”

இருபத்திரண்டு ஆண்டுகள். மூலம், படி, பாடபேதம் என்று நான் கட்டிய வாதமெல்லாம் அந்தக் கணத்தில் எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. அவனுக்கு மறுஆக்கம் என்பது தரம் பற்றிய கேள்வியாக இருந்ததேயில்லை. அக்காவை மறுபடியும் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. பழைய ஆட்டத்துக்காக ரயிலேறி வா என்று நாற்பது வயதில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. புதிதாக ஒன்று வந்தால் அழைக்கலாம்.

“பழசு இன்னும் கிடைக்குமா?” என்று கேட்டேன். கிடைக்கும் என்றான்.

பிப்ரவரியில் பெங்களூர் போனேன். இம்முறை காசு கொடுத்து வாங்கியிருந்தான். இன்றைய கணினியில் அதை ஓடவைக்க ஒரு மாலை முழுவதும் மல்லாடினான். அண்ணன் மகனாயிருந்தால் அதட்டியிருப்பேன். தம்பி மகன் செல்லம் அதிகம். “அத்தை, இந்த ஆளு மூஞ்சி ஏன் பொம்மை மாதிரி இருக்கு?” என்று அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. காட்சிக் கோணம் நினைத்த பக்கம் திரும்பவில்லை. நினைவில் பளிங்காய் இருந்த அரண்மனை கரடுமுரடாக இருந்தது. பூனாவிலும் மும்பையிலும் பாடுபட்டவர்கள் இதைச் செப்பனிட விரும்பியதில் தவறில்லை என்று முதன்முறையாக நினைத்தேன். ஆனால் சுவரில் ஓடி விளிம்பைப் பற்ற வேண்டிய இடத்தில் நான் திசையை அழுத்த, பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தாமலே குதிப்பை அழுத்தினான். கை மறந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு நூலகத்துக்கு வந்துசேர்ந்தோம். பதினொன்றரை மணி. காலையில் எனக்கு ரயில். ஒளிக்கற்றை தவறான சுவரில் போய் விழுந்துகொண்டே இருந்தது. பையன் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்து, “அந்த மேல இருக்கிற கண்ணாடியை முதல்ல திருப்புங்க அத்தை” என்றான். திருப்பினேன்.